சமர்ப்பணப் பக்கத்தில் இரண்டெழுத்து: மறைந்த பெயரைத் தேடும் முறை

ஒரு பழைய கவிதைத் தொகுதி. அட்டை கழன்றிருக்கிறது. தலைப்புப் பக்கத்தைத் தாண்டினால் வெறுந்தாளின் நடுவில் ஒரே வரி: 'எஸ். வி. அவர்கட்கு'. பெயரும் இல்லை, ஊரும் இல்லை. உள்ளே இருக்கும் பாட்டுகளோ யாரோ ஒருவரை நினைத்து உருகியவை. எழுதியவர் காலமாகிவிட்டார், அச்சகம் மூடிவிட்டது. அந்த எஸ். வி. யார்?

யாழ்ப்பாணத்தில் அச்சான நூல்களை வைத்து இந்தத் தேடலைச் செய்யும் வழியை இங்கே பார்ப்போம். கூடவே உலகத்தில் மிக அதிகம் பேர் முட்டிப் பார்த்த ஒரு சமர்ப்பணத்தையும் எடுத்துக்கொள்வோம். 1609இல் இலண்டனில் வந்த ஷேக்ஸ்பியரின் சொனெற் (பதினான்கடிப் பா) தொகுதி, 154 பாக்கள் கொண்டது. அதன் முகப்பில் 'திரு. டபிள்யூ. எச்.' என்ற ஒருவருக்கு வாழ்த்து இருக்கிறது. நானூறு ஆண்டுகள் கழிந்தும் அவர் யாரென்று முடிவாகவில்லை. அங்கே சறுக்கிய இடங்களில்தான் இங்கேயும் சறுக்கும்.

முதலில் கேட்க வேண்டியது

'எஸ். வி. யார்' என்ற கேள்வியோடு தொடங்கவே கூடாது. அந்த வரியை எழுதியவர் யார்? அதுதான் முதற் கேள்வி. கவிஞரா, பதிப்பித்தவரா, பணம் போட்டவரா?

சொனெற் தொகுதியின் சமர்ப்பணத்தில் ஷேக்ஸ்பியரின் கையொப்பம் இல்லை. அடியில் நிற்பது 'ரி. ரி.'. நூலை வெளியிட்ட தோமஸ் தோர்ப்பின் முதலெழுத்துகள் அவை. 1609 மே 20ஆம் திகதி இலண்டன் அச்சாளர் பதிவேட்டில் இந்த நூலைத் தன் பேரில் பதிந்தவரும் அவரே. கவிஞரை அந்தப் பக்கம் 'எங்கள் என்றும் வாழும் கவிஞர்' என்று வேறொருவராகவே குறிப்பிடுகிறது. ஆகவே டபிள்யூ. எச். என்பவர் கவிஞருக்கு வேண்டியவராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியீட்டாளருக்கு வேண்டியவராகவும் இருக்கலாம். இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல், பாட்டுக்குள் வரும் அழகான இளைஞனையும் சமர்ப்பணத்து மனிதரையும் ஒரே ஆளாக்கி எழுதப்பட்ட புத்தகங்கள் ஏராளம்.

தமிழில் இந்தப் பிரிவினை எங்களுக்குப் புதிதில்லை. நூலாசிரியன் தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதால், நூலுக்கு முன்னால் வரும் அறிமுகமான சிறப்புப்பாயிரத்தை அவருடைய ஆசிரியரோ, கூடப் படித்தவரோ, மாணாக்கரோ, தகுந்த உரைகாரரோ தருவது முறை என்கிறது நன்னூல். பாயிரம் சொல்ல வேண்டிய எட்டில் 'கேட்போர்' என்பதும் ஒன்று. காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்ப்பாரும் உளர் என்று அதே நூல் சொல்கிறது. கேட்போர், காலம், களம், காரணம் என்ற இந்த நான்கையும் கொப்பியின் முதற் பக்கத்தில் நான்கு தலைப்பாக எழுதிவிட்டுத் தொடங்குங்கள். தேடிக் கிடைப்பதெல்லாம் இந்த நான்கில் ஒன்றுக்குள் வந்து விழும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நூலாயின் தலைப்புப் பக்கத்தையே சொல்லுக்குச் சொல் வாசியுங்கள். இன்னார் 'கேட்டுக்கொண்டபடி' இன்னாரால் 'இயற்றப்பட்டு' இன்னாரால் 'பார்வையிடப்பட்டு' இன்னாரது 'பொருளுதவியால்' அச்சிற் பதிப்பிக்கப்பட்டது என்று அதில் நாலு பேர் வரிசையாக நிற்பார்கள். நாலும் வேறு வேறு வேலை. சொனெற் சமர்ப்பணத்தில் டபிள்யூ. எச்.சுக்குக் கொடுத்திருக்கும் அடைமொழி 'இப்பாக்களைப் பிறப்பித்த ஒரேயொருவர்' என்ற பொருளுடைய சொல். கவிஞரின் மனத்தில் பாட்டைப் பிறப்பித்தவரா, கையெழுத்துப் பிரதியைத் தேடிக் கொடுத்து நூலைப் பிறப்பித்தவரா என்பதில்தான் சண்டை. எங்கள் 'கேட்டுக்கொண்டபடி'யும் 'பொருளுதவியால்' என்பதும் அந்த இரண்டையும் பிரித்தே சொல்லிவிடுகின்றன. உங்கள் நூலில் அந்தச் சொற்கள் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

தாளைப் பாருங்கள்

ஈய எழுத்தில் அச்சுக்கோத்த காலத்தில் நூலின் உடற்பகுதியை முதலில் அடித்துவிட்டு, தலைப்பு, சமர்ப்பணம், முன்னுரை ஆகியவற்றைக் கடைசியில் அடிப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். அதனால் முன்பக்கங்களுக்கு உரோம இலக்கமோ, இலக்கமே இல்லாமலோ இருக்கும். சொனெற் தொகுதியின் 40 தாள்களில் முதல் இரண்டு தாள்களும் தனி. அவற்றில்தான் தலைப்பும் சமர்ப்பணமும். பாட்டு மூன்றாந் தாளில் தொடங்குகிறது. பாட்டு அச்சேறிய பிறகு, வேறொரு கையால், வேறொரு காரணத்துக்காகச் சமர்ப்பணம் வந்திருக்கலாம் என்பதை இந்தத் தாளமைப்பே காட்டிக்கொடுக்கும்.

உங்கள் பிரதியில் பார்க்க வேண்டியவை: சமர்ப்பணத் தாள் தையலோடு வருகிறதா, பிறகு பசை போட்டு ஒட்டியதா? தாளின் நிறமும் தடிப்பும் உள்தாளோடு ஒத்துப்போகின்றனவா? எழுத்துரு உள்ளே வருவதுதானா? ஒட்டிய தாளென்றால் பழைய சமர்ப்பணம் ஒன்றை எடுத்துவிட்டு இதை வைத்தார்களா என்ற சந்தேகம் எழ வேண்டும். அப்போது கட்டாயம் வேறு பிரதிகள் தேவை.

ஒரு பிரதியை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள். குறைந்தது மூன்றைப் பாருங்கள். அதில் ஒன்று வேறு பதிப்பாக இருக்கட்டும். மறுபதிப்பில் சமர்ப்பணம் காணாமற் போவது மிகச் சாதாரணம். சொனெற்றுகளுக்கே 1640இல் வந்த பதிப்பில் தோர்ப்பின் சமர்ப்பணம் இல்லை. 1609ஆம் ஆண்டுப் பதிப்பில் பதின்மூன்று பிரதிகள் மிஞ்சியதால்தான் இன்றைக்கு இதைப் பேச முடிகிறது.

பேனையால் எழுதிய 'அன்புடன்' வரியை அச்சிட்ட சமர்ப்பணத்தோடு குழப்ப வேண்டாம். அது அந்த ஒரு பிரதியை யாருக்குக் கொடுத்தார் என்பதை மட்டுமே சொல்லும். ஆனாலும் படமெடுத்து வையுங்கள், திகதி கிடைக்கும். மங்கிய மையை வாசிக்க அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைத் தாளின் ஓரத்தில் கிடையாகப் பிடித்து, நாலு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். பேனைமுனை அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். தண்ணீர், மாவு, இரசாயனம் எதுவும் தாளில் படக்கூடாது.

முதலெழுத்தின் பொறி

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது.

தமிழ் முதலெழுத்தும், தமிழில் எழுதிய ஆங்கில முதலெழுத்தும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். 'சி.' என்று கண்டால் அது சின்னையாவின் 'சி'யாகவும் இருக்கலாம், ஆங்கில மூன்றாம் எழுத்தாகவும் இருக்கலாம். 'வி.' விசுவலிங்கமா, அல்லது வேலுப்பிள்ளை, வைத்திலிங்கம், வல்லிபுரம் எல்லாவற்றுக்கும் பொதுவான ஆங்கில எழுத்தா? 'பி.', 'கே.', 'இ.', 'ஏ.' ஆகியவற்றுக்கும் இதே சிக்கல். 'எஸ்.', 'ஆர்.', 'எம்.' போன்றவை ஐயமில்லாமல் ஆங்கில எழுத்துகள். ஆகவே ஒரு பெயரில் 'எஸ்.' வந்தால் பக்கத்தில் நிற்கும் 'வி.'யும் ஆங்கில எழுத்தென்றே கொள்ளலாம். 'ரி.' என்பது யாழ்ப்பாணத்து எழுத்துவழக்கில் தம்பையா, துரைச்சாமி, தில்லையம்பலம் போன்றவற்றின் தலையெழுத்து. தமிழ்நாட்டு நூலில் அதையே 'டி.' என்று காண்பீர்கள். செல்லையா, சின்னத்தம்பி போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் 'சி.'யில் தொடங்கியும் 'எஸ்.'இல் தொடங்கியும் இரண்டு விதமாக எழுதுவார்கள். ஒரே ஆளே பள்ளிப் பதிவில் ஒரு விதம், கடிதத்தில் இன்னொரு விதம் எழுதியிருக்கக்கூடும்.

அடுத்தது, முன்னெழுத்து எப்போதும் தகப்பன் பெயராக இருக்க வேண்டியதில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளையின் 'வை' தகப்பனார் வைரவநாதர்; 'சி' அவர் ஊரான சிறுப்பிட்டி. அமெரிக்க மிஷனரிமார் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்களுக்கு அமெரிக்கப் பெயர்களும் இடப்பட்டன. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ஆங்கிலத்தில் வில்லியம் நெவின்ஸ், தமிழில் முத்துக்குமாரர் மகன் சிதம்பரப்பிள்ளை. ஒரே மனிதருக்கு இரண்டு சோடி முதலெழுத்து. பெண்களானால் கலியாணத்துக்கு முன் தகப்பன் எழுத்து, பின் கணவன் எழுத்து. 'செல்வி', 'திருமதி' என்ற சொல் சமர்ப்பணத்தில் இருந்தால் அதுவே கால எல்லை ஒன்றைப் போட்டுத் தரும்.

எனவே பட்டியல் போடும்போது ஒவ்வொரு ஆளுக்கும் நாலு நிரல் வையுங்கள்: தமிழ் முதலெழுத்து, ஆங்கில முதலெழுத்து, ஊர், புனைபெயர். புனைபெயரை விடவே கூடாது. 'மஹாகவி' என்றால் உடனே தெரியும் ஈழத்துக் கவிஞரை 'து. உ.' என்று போட்டிருந்தால், உருத்திரமூர்த்தி என்று எத்தனை பேருக்குச் சட்டென ஓடும்?

உறவுமுறைச் சொல் மட்டும் இருந்தால் அது திசைகாட்டி. 'அம்மானுக்கு' என்றால் முதலில் கவிஞரின் தாய்வழியைப் பாருங்கள். 'மச்சாள்' என்பதை மட்டும் நம்பி இரத்த உறவு என்று எழுதிவிட வேண்டாம். ஊர்ப் பழக்கத்திலும் அப்படி அழைப்பார்கள்.

காலத்தை ஒடுக்குவது

சமர்ப்பணத்திலோ முன்னுரையடியிலோ தமிழ் வருடம் மட்டும் இருந்தால், அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதை மறக்காதீர்கள். 'விரோதி வருஷம்' என்றால் 1889 அல்லது 1949 சித்திரையில் பிறந்த ஆண்டு. தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் போய்விடும்: விரோதி தை என்றால் 1890 அல்லது 1950. கலியாண்டு கொடுத்திருந்தால் அதிலிருந்து 3101ஐக் கழியுங்கள். கலி 5050 என்றால் 1949. சில நூல்கள் நடப்பாண்டையும் சேர்த்து எண்ணும், அதனால் ஓராண்டு முன்பின்னாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுற்றில் எது என்று ஐயம் வந்தால் அச்சகம் எந்தக் காலத்தில் இயங்கியது என்று பாருங்கள்.

மரியாதைச் சொல்லும் காலம் காட்டும். முதலியார், உடையார், சட்டம்பியார், குருக்கள், பண்டிதர் என்று எது நின்றாலும் அந்த ஆள் அந்தப் பட்டத்தை அல்லது பணியைப் பெற்ற பிறகுதான் அந்த வரி எழுதப்பட்டிருக்க முடியும். பட்டமுள்ளவருக்கு வெறும் 'திரு.' போட்டிருந்தால், அவர் இல்லையோ என்று ஐயப்படுங்கள்.

எங்கே தேடுவது

யாழ்ப்பாணத்துக்கென்றே ஒரு செல்வம் உண்டு: கல்வெட்டு. கோயிற் கல்லில் வெட்டிய எழுத்தல்ல. ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் கொடுக்கும் நினைவு மலர். அதில் வாழ்க்கை வரலாறு, திதி வெண்பா, வம்சாவழி, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் எல்லாம் இருக்கும். திதி வெண்பாவில் ஆண்டு, மாதம், பட்சம், திதி நாலும் கிடைக்கும். புலம்பற் பாட்டுகள் ஒப்பாரிதானே என்று தள்ளிவிடாதீர்கள். எந்தப் பெறாமகன் (உடன்பிறந்தார் மகன்) எந்த ஊரில் என்ன உத்தியோகத்தில் இருந்தார் என்பது பாட்டுக்குள் இருக்கும், வரலாற்றுப் பகுதியில் விடுபட்டிருக்கும். கவிஞரின் கல்வெட்டு, அவர் தாய் தகப்பனின் கல்வெட்டு, மனைவி வீட்டாரின் கல்வெட்டு என்ற ஒழுங்கில் தேடுங்கள். கடைசிப் பக்கத்து நன்றியுரையில் வரும் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பல சமயம் எஸ். வி. அங்கேதான் முழுப்பெயரோடு உட்கார்ந்திருப்பார்.

நினைவு மலர்கள் கணிசமாக 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்தில் ஏறியிருக்கின்றன. பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. 1995இல் போரால் யாழ்ப்பாணத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டு அலுமாரிகளும் வெறுமையாயின. ஆகவே இங்கே இல்லை என்பதால் பிரதியே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ ஒரு பிள்ளையின் வீட்டில் இருக்கக்கூடும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்தையும் பாருங்கள். 1885இலிருந்து இலங்கையில் அச்சான நூல்களைப் பதிவு செய்யும் ஏற்பாடு இருந்ததால், கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களமும் தட்ட வேண்டிய கதவு.

பத்திரிகைகளில் நூல் வந்த திகதிக்கு முன்பின் ஆறு மாதத்தைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். 1889இல் தொடங்கிய இந்துசாதனம், 1930 முதல் 1958 வரை வந்த ஈழகேசரி, 1959இல் தொடங்கிய ஈழநாடு ஆகியவற்றில் உங்கள் காலத்துக்கு ஏற்றதை எடுங்கள். மதிப்புரையைவிட வெளியீட்டு விழாச் செய்திதான் பயன் தரும்: முதற்பிரதி பெற்றவர் யார் என்று அதில் இருக்கும். முதற்பிரதி வாங்கியவரும் சமர்ப்பணத்துக்குரியவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை. ஆனால் பணம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று தெரியும்.

ஆட்களைக் கேட்கும்போது

பெயரை நீங்கள் முதலில் சொல்லக்கூடாது. 'எஸ். வி. எண்டது அந்த மாஸ்டர்தானே அம்மா?' என்று கேட்டால், 'ஓம் தம்பி, அவராத்தான் இருக்கும்' என்பார்கள். அது சாட்சியமாகாது, உங்கள் ஊகம் இன்னொருவர் வாயால் திரும்பி வந்தது. 'இந்தப் புத்தகம் வந்த நேரம் அவரோட ஆர் ஆர் கூடப் பழகினவை? எந்த ஒழுங்கையில இருந்தவை?' என்று கேளுங்கள். ஒருவரிடம் கேட்டதை மற்றவரிடம் சொல்லாமல் இரண்டு மூன்று பேரைத் தனித்தனியே கேளுங்கள். சொன்னவர் நேரில் கண்டதா, கேள்விப்பட்டதா என்பதைப் பக்கத்திலேயே குறியுங்கள்.

ஆளை உரசிப் பார்த்தல்

பட்டியல் கையில் வந்ததும் ஒவ்வொருவரையும் நாலு கல்லில் உரசுங்கள்: எழுத்து பொருந்துகிறதா, விளி பொருந்துகிறதா, காலம் பொருந்துகிறதா, சமர்ப்பணத்தை எழுதியவரோடு தொடர்பு உண்டா.

சொனெற் தொகுதியில் இதைச் செய்து காட்டலாம். பெம்புரோக் பிரபு வில்லியம் ஹேபேட்: எழுத்து பொருந்தும், ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தொகுத்த 1623ஆம் ஆண்டுப் பெருநூல் அவருக்கும் அவர் தம்பிக்கும் சமர்ப்பிக்கப்பட்டது, ஆகவே தொடர்பும் உண்டு. ஆனால் அவர் 1601இலேயே பிரபுவாகிவிட்டார், அவரை 'திரு.' என்று அழைப்பது அவமரியாதை. அதே தோர்ப் 1616இல் வேறொரு நூலை அவருக்குச் சமர்ப்பித்தபோது பட்டங்களை வரிசையாக அடுக்கியிருக்கிறார். சவுத்தாம்ரன் பிரபு ஹென்றி றையத்ஸ்லி: 1593இலும் 1594இலும் ஷேக்ஸ்பியர் தாமே கையொப்பமிட்டு இரண்டு நெடும்பாக்களை அவருக்குச் சமர்ப்பித்தார். தொடர்பு மிகப் பலம், எழுத்தோ தலைகீழ் (ஆங்கிலத்தில் எச். டபிள்யூ.), விளியும் பிழை. சவுத்தாம்ரனின் தாயை மணந்த வில்லியம் ஹார்வி: எழுத்து சரி, பிரதி கைக்கு எட்டியிருக்கக்கூடியவர், ஆனால் அவரும் 'சேர்' பட்டம் உள்ளவர். அச்சுத்தொழிலர் வில்லியம் ஹோல்: எழுத்தும் சரி, 'திரு.'வும் சரி, இந்த நூலோடு தொடர்பு இருந்ததற்குச் சான்று இல்லை. எழுத்துக்கோப்பவர் கைத்தவறால் ஷேக்ஸ்பியரின் சொந்த முதலெழுத்தே திரிந்தது என்பாரும் உண்டு. அச்சுக்கூடத்தில் நடக்கக்கூடியதுதான்; ஆனால் பிழை என்று வைத்துக்கொண்டால் எந்த எழுத்தையும் எவருக்கும் பொருத்திவிடலாம். எங்கள் பார்வையில் நாலு கல்லிலும் தேறியவர் ஒருவரும் இல்லை. அப்படி இருக்கையில் ஒருவரைத் தெரிந்தெடுப்பது ஆசையால் வருவது.

பாட்டுக்குள் தேடுவது கடைசிப் படி. அங்கே பெயர் இருக்கவே மாட்டாது என்பதில்லை. கம்பர் இராமனின் முடிசூட்டுப் பாட்டிலேயே, தம்மை ஆதரித்த வெண்ணெய்நல்லூர்ச் சடையனின் முன்னோரை மகுடம் எடுத்துக் கொடுக்க வைத்துவிட்டார். ஆனால் அங்கே பெயர் வெளிப்படை. ஒளித்து வைத்த பெயர் என்று நீங்களாக எழுத்துக் கூட்டத் தொடங்கினால் கட்டாயம் ஏதாவது கிடைக்கும். 20ஆம் சொனெற்றில் ஒரு சொல் பெரிய எழுத்தில் சாய்வாக அச்சாகியிருப்பதைப் பிடித்துக்கொண்டு 'வில்லியம் ஹியூஸ்' என்ற ஒருவரையே உண்டாக்கினார்கள். அப்படி ஒரு ஆள் இருந்ததற்கு வேறு சான்று வரவேயில்லை. அடிகளின் முதலெழுத்தைச் சேர்த்துப் பெயர் கண்டால், அதே முறையால் அதே நூலின் வேறு பத்துப் பாட்டுகளிலும் பெயர் வருகிறதா என்று பாருங்கள். அங்கேயும் வந்தால் உங்கள் முறை எதையும் காட்டவில்லை.

எழுதி வைத்தல்

உரியவர் உயிரோடு இருந்தாலோ, பிள்ளைகள் இருந்தாலோ அவர்களைக் கேட்காமல் வெளியிட வேண்டாம். காதற்பாட்டென்றால் இன்னும் கவனம் தேவை. எண்பதுகள், தொண்ணூறுகளில் உயிருக்கு அஞ்சியே பெயரை மறைத்த சமர்ப்பணங்களும் இருக்கும். மறைத்தவரின் காரணம் இன்னும் தீரவில்லை என்றால் விடையைக் கொப்பியோடு வைத்திருங்கள்.

வெளியிடலாம் என்றால், புத்தகத்தில் எழுதாமல், அமிலமில்லாத துண்டுத்தாளில் பென்சிலால் எழுதிச் சமர்ப்பணப் பக்கத்தில் வையுங்கள். அதையே நூலகத்துக்குக் கொடுக்கும் படத்தோடும் இணையுங்கள். வடிவம் இப்படி இருக்கலாம்:

'எஸ். வி. — இன்ன ஊர் இன்னார். நிலை: பெரிதும் சாத்தியம். ஆதாரம்: கவிஞரின் தாயார் கல்வெட்டு, நன்றியுரைப் பக்கம், வெளியீட்டு விழாச் செய்தி, திகதி. எதிராக நிற்பது: அப்போது அவர் கொழும்பில் இருந்தார். பார்த்த பிரதிகள்: மூன்று. இன்னும் பார்க்காதவை: இரண்டாம் பதிப்பு, கவிஞரின் மனைவி வீட்டார் கல்வெட்டு.'

நிலை என்ற இடத்தில் 'உறுதி', 'பெரிதும் சாத்தியம்', 'ஊகம்' என்ற மூன்றில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். அச்சிட்ட முழுப்பெயரோ கவிஞரின் கையெழுத்துக் கடிதமோ இல்லாமல் 'உறுதி' என்று போடாதீர்கள். அடியில் திகதியையும் போட்டுவிடுங்கள்.